மாமாவின் செஸ்ஸும் நாலு ஜிபி மெமரியும்

அன்றைக்கு வகுப்பில் என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் நான் "எஸ் சார்" என்று பதில் சொன்னேன். கம்ப்யூட்டர் திரையில் ஆசிரியரின் முகம் வாயைப் பாதி திறந்தபடி அசையாமல் நின்றுவிட்டிருந்தது. குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. "இல்லையா? ஆப்சென்ட்" என்று அவர் சொன்னது மட்டும் ஓர் எழுத்துகூடக் குறையாமல் தெளிவாகக் கேட்டது.

நான் திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் நூலக உதவியாளர். கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பதினோரு வருடம் உதவியாளராகவே இருந்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் தொலைதூரக் கல்வியில் நூலக அறிவியல் படிக்கச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வீடியோவில் வகுப்பு. முதல் சில மாதங்கள் போனிலேயே பார்த்துச் சமாளித்தேன். பிறகு புத்தகப் பட்டியல் தயாரிக்கும் மென்பொருளைச் சொல்லித்தர ஆரம்பித்தார்கள். ஒரு பக்கம் வகுப்பு ஓட வேண்டும், இன்னொரு பக்கம் மென்பொருள் திறந்திருக்க வேண்டும், அவர் சொல்லச் சொல்ல நாம் செய்து காட்ட வேண்டும். போனில் அது நடக்காது. அதனால் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டருக்கு வந்தேன். அது இரண்டையும் சேர்த்துத் திறந்ததும் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அந்த மாதத்தில் மூன்று ஆப்சென்ட் ஆகிவிட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் செய்முறைத் தேர்வுக்கு அனுமதி இல்லை என்று மெயில் வந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் என் மகள் ஆறாவது படிக்கும்போது வாங்கியது. இப்போது அவள் கோயம்புத்தூரில் கல்லூரி மூன்றாம் வருடம் படிக்கிறாள், கையில் லேப்டாப் இருக்கிறது. அவள் விடுதிக்குப் போன பிறகு இந்த மேஜைக் கம்ப்யூட்டர் என் மாமனாருக்குச் சொந்தமாகிவிட்டது. வீட்டில் நானும் அவரும்தான். என் கணவர் துபாயில் ஏசி மெக்கானிக். மாமியார் காலமாகி ஆறு வருடம் ஆகிறது.

மாமா கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதி மாடுகளின் பிரசவம் அவர் கையால் ஆனது. பேத்திதான் அவருக்குச் செஸ் கற்றுக்கொடுத்தாள். அவள் கிளம்பிப் போனதும் ஆட ஆளில்லாமல் கம்ப்யூட்டரோடு ஆட ஆரம்பித்தார். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மதியம் வரைக்கும் ஒரே ஆட்டம். கம்ப்யூட்டர் ஒரு காய் நகர்த்த ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். சில சமயம் பத்து நிமிடம். அந்த நேரத்தில் அவர் சும்மா இருக்க மாட்டார். தன் குதிரையை வைத்துவிட்டு எழுந்து போய் முருங்கைக்குத் தண்ணீர் விடுவார். திரும்பி வந்து பார்ப்பார், அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும். போய்த் துணி காயப்போடுவார். அடுத்த காயை நகர்த்திவிட்டு அவரைக்காய் நறுக்குவார். அதற்கடுத்ததற்கு அரிசி களைந்து ஊறவைப்பார். நான் மாலை ஆறரைக்கு வந்து இறங்கும்போது துணி மடித்திருக்கும், காய் நறுக்கித் தட்டில் மூடியிருக்கும். இதெல்லாம் மாமாவுடைய நல்ல குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கணவரிடம் போனில் ஆப்சென்ட் விஷயத்தைச் சொன்னேன்.

"அது பழசாயிருச்சு. நான் லீவுல வரும்போது புதுசா வாங்கிக்கலாம்" என்றார்.

"ஏங்க, நீங்க டிசம்பர்லதான வாரீங்க? எனக்குப் பரீட்சை மே மாசம்."

"அப்ப யார்ட்டயாவது கேட்டுப்பாரு."

நான் கேட்கக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் பஸ்ஸில் இருந்தாள்.

காலை ஏழே முக்கால் பஸ் புதுக்கோட்டையிலிருந்து வரும். அவள் திருக்கோகர்ணத்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்காகப் பக்கத்து இடத்தில் சாப்பாட்டுப் பையை வைத்திருப்பாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். திருச்சியில் ஒரு கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் வேலை. ஆறு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறோம். அவள் மகனுக்கு அம்மை போட்டது, அவள் நாத்தனார் வீட்டுச் சண்டை, என் மூட்டு வலி, எல்லாம் இருவருக்கும் தெரியும். ஆனால் அவள் வீட்டை நான் பார்த்ததில்லை, என் வீட்டை அவள் பார்த்ததில்லை. பஸ் பழக்கம் அப்படித்தான் போலும்.

களமாவூர் தாண்டுகிற வரைக்கும் நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "அக்கா, ஒங்க சிஸ்டத்துல மெமரி எவ்வளவு?"

"ஐநூறுன்னு மக சொன்னா."

"அது ஹார்ட் டிஸ்க். நான் கேக்குறது ரேம்."

எனக்குத் தெரியவில்லை. அவள் பஸ்ஸைச் சுற்றிக் கையைக் காட்டினாள். "இந்தா பாருங்க. பஸ் ஸ்டாண்டுல ஆயிரம் பேரு நிக்கலாம், அது ஹார்ட் டிஸ்க். ஆனா வண்டி கெளம்பணும்னா அவங்க உள்ள ஏறி ஒக்காரணும்ல? அந்த சீட்டுதான் ரேம். ஒங்க வண்டில ரெண்டே ரெண்டு சீட்டு இருக்குன்னு வைங்க. வாத்தியாரு ஒண்ணுல ஒக்காந்துட்டாரு, ஒங்க சாப்ட்வேர் ஒண்ணுல ஒக்காந்துருச்சு. வேற எது ஏறணும்னாலும் ஒருத்தர எறக்கி விட்டுட்டுத்தான் ஏத்தணும். எறக்கி ஏத்தி, எறக்கி ஏத்தியே அதுக்கு நேரம் போயிருது."

முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்து, "இந்த பஸ்ஸு மாதிரிதான்னு சொல்லுங்க" என்றார். நின்றுகொண்டு வந்த நாலு பேர் சிரித்தார்கள்.

"புதுசு வாங்க வேணாம்க்கா. நல்லா ஓடுற சிஸ்டம். ஒரு மெமரி கூடப் போட்டா போதும். நீங்களே போட்டுருவீங்க. மொதல்ல தெறந்து உள்ள ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. எந்த மாடல், காலி எடம் இருக்கான்னு நான் பாத்துக்கிறேன்."

நான் ஒரு கம்ப்யூட்டரைத் திறப்பதா? எங்கள் நூலகத்தில் பிரிண்டரில் தாள் சிக்கினாலே ஆளைக் கூப்பிடுவோம். அவளிடம் அதைச் சொன்னேன். "பிரஷர் குக்கர்ல வெயிட்டு போடுறீங்கள்ல, அதவிட இது ஈசி" என்று சொல்லிவிட்டு டோல்கேட்டில் இறங்கிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, காப்பி குடித்துவிட்டுத் திருப்புளியை எடுத்தேன். மாமா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? சிபியுவத் தெறக்கணும்."

"எதுக்குத்தா? நல்லாத்தான இருக்கு?"

"மெமரி கூடப் போடணும். அதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

அவருக்குப் பிடிக்கவில்லை. "உள்ள ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்றார். பிறகு, "ஆட்டம் பாதில நிக்குதுத்தா. அதோட ராணிய மடக்கி வச்சிருக்கேன்" என்றார்.

இரண்டாவதுதான் உண்மையான காரணம். அணைத்தால் ஆட்டம் போய்விடும் என்று பயந்தார். அப்படியே சேமித்து வைக்கலாம் என்று சொன்னேன், நம்பவில்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை எடுத்து, பின்பக்கத்தில் ஸ்கேலும் பென்சிலும் வைத்து அறுபத்து நாலு கட்டம் போட்டார். எந்தக் கட்டத்தில் எந்தக் காய் என்று ஒவ்வொன்றாக எழுதினார். தப்பினால் ரப்பரால் அழித்து மறுபடி எழுதினார். அரை மணி நேரம் ஆனது. எழுதி முடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான், "ம், அணைச்சுக்க" என்றார்.

பின்னால் இரண்டு திருகாணி. பக்கத்துத் தகடு கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுச் சரக்கென்று கழன்று வந்தது. உள்ளே பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. வாரம் ஒரு தடவை ஒட்டடை அடிக்கிற வீடு. ஆனால் இந்தப் பெட்டிக்குள் பஞ்சு மெத்தை போலத் தூசு படிந்திருந்தது. ஒரு மூலையில் வெடித்துக் காய்ந்த இரண்டு பல்லி முட்டை ஓடுகள். மின்விசிறி இறக்கைகளில் தூசு கம்பளி போலச் சுற்றியிருந்தது.

"அடேயப்பா, இத வச்சுக்கிட்டா இத்தன நாளு மூச்சு விட்டுச்சு?" என்றார் மாமா. அவர் குரலில் இரக்கம் இருந்தது. நோய்ப்பட்ட மாட்டைப் பார்க்கிற குரல் அது. அதுவரை எதிர்த்தவர் சட்டென்று என் பக்கம் வந்துவிட்டார். உள்ளே போய் சைக்கிள் பம்பைக் கொண்டுவந்தார். பெட்டியை வாசலுக்குத் தூக்கிப் போய் வைத்தோம். நான் ரப்பர் குழாயைப் பிடிக்க, அவர் பம்பை அடித்தார். தூசு புகையாகக் கிளம்பியது. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்ன, சைக்கிளுக்குக் காத்தா?" என்று கேட்டார். "கம்ப்யூட்டருக்கு" என்று மாமா சொன்னதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தூசு போன பிறகு எல்லாம் தெரிந்தது. பச்சைப் பலகையில், நட்டுவைத்த சீப்பு மாதிரி ஒரு மெல்லிய அட்டை நின்றது. அதுதான் மெமரி. அதற்குப் பக்கத்தில் அதே நீளத்தில் ஒரு பள்ளம், இரண்டு முனையிலும் வெள்ளைக் கிளிப்போடு, வெறுமனே இருந்தது. போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "சூப்பர்க்கா. ஒரு எடம் காலி. இப்ப ரெண்டு ஜிபி இருக்கு. நாலு போடுவோம்."

நடுவில் வந்த ஞாயிறு நல்லவேளையாக வகுப்பு இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலை அவள் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்தாள். வெள்ளி நிறப் பிளாஸ்டிக் உறை. அதற்குள் இரண்டு விரல் அகலத்தில், ஒரு சாண்கூட இல்லாத நீளத்தில் அந்த அட்டை. பழைய மாடல் என்பதால் புதிதாகக் கிடைக்கவில்லையாம். கடையில் கழற்றி வைத்திருந்த ஒன்றைத் தானே இரண்டு நாள் ஓட்டிச் சோதித்துப் பார்த்துவிட்டு எடுத்து வந்திருந்தாள்.

"கீழ இருக்குற மஞ்சப் பல்லத் தொடாதீங்க. ஓரத்துல பிடிங்க. போடுறதுக்கு முன்னாடி பெட்டியோட இரும்புல கைய வச்சுருங்க, ஒடம்புல கரண்டு இருந்தா எறங்கிரும். வயர் எல்லாத்தையும் பிடுங்கிட்டுத்தான் தொடணும்."

பிறகு தன் அடையாள அட்டையை எடுத்து, முன் சீட்டு முதுகுக்கும் கம்பிக்கும் நடுவே இருந்த இடைவெளியில் செங்குத்தாகச் செருகிக் காட்டினாள். "நடுவுல சைடா ஒரு வெட்டு இருக்கும். அது பொருந்துற பக்கம்தான் போகும். தலகீழா வைக்கவே முடியாது. ரெண்டு கட்டைவெரலையும் ரெண்டு முனைல வச்சு அழுத்தணும். டக்குன்னு கேக்கும். ரெண்டு டக்கு."

நான் அன்று நூலகத்தில் கைப்பையை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மதியம் சாப்பிடும்போதும் ஒரு தடவை திறந்து பார்த்தேன்.

ஞாயிறு காலை பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும் நான் புடவைகூட மாற்றவில்லை. மாமா ஏற்கனவே மேஜையை இழுத்துப் போட்டு, கீழே பழைய பெட்ஷீட் விரித்து, டார்ச்சோடு தயாராக இருந்தார். கையை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். எதற்கு என்று கேட்டால், "பழக்கம்" என்றார்.

எல்லா வயரையும் பிடுங்கினேன். இரும்பில் கையை வைத்தேன். வெள்ளைக் கிளிப்புகளை விரித்தேன். அட்டையைப் பள்ளத்தில் வைத்து வெட்டைப் பொருத்தி அழுத்தினேன். ஒரு டக் கேட்டது. அதற்கு மேல் அழுத்த மனசு வரவில்லை. பலகை வளைவது போல இருந்தது. சரி, உட்கார்ந்துவிட்டது என்று நானே சொல்லிக்கொண்டு வயரை மாட்டிப் பொத்தானை அமுக்கினேன்.

மின்விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு உள்ளேயிருந்து "பீ... பீ... பீ..." என்று நீளமாக ஒரு சத்தம். மூன்று தடவை அடித்துவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று தடவை.

மணி பதினொன்று. இரண்டு மணிக்கு வகுப்பு. சும்மா இருந்ததைக் கெடுத்து வைத்துவிட்டோமே என்று நினைத்தேன். மாமா என்னைத் திட்டியிருக்கலாம். அவர், "வலில கத்துதுத்தா. எங்க வலிக்குதுன்னு பாப்போம்" என்றார்.

அவளுக்குப் போன் செய்தேன். பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. "போன சிபியு கிட்டக்க வைங்கக்கா" என்றாள். வைத்தேன். இரண்டு சுற்றுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் ஆகல. மெமரி சரியா ஒக்காரல. ரெண்டு டக்கு கேட்டுச்சா?" என்றாள்.

"ஒண்ணுதான் கேட்டுச்சும்மா."

"அப்ப ஒத்தக் கால மட்டுந்தான் உள்ள வச்சிருக்கு. அணைச்சுட்டு வெளிய எடுங்க. பழசையும் எடுங்க, இத்தன வருசத்துல பல்லு கறுத்துருக்கும். பென்சில் ரப்பர் வச்சு ரெண்டையும் மெதுவாத் தேய்ங்க. அப்புறம் மறுபடி போட்டு நல்லா அழுத்துங்க. பயப்படாதீங்க, ஒடையாது."

மறுபடி எல்லா வயரையும் பிடுங்கினேன். மாமா தன் ரப்பரை நீட்டினார். பழைய அட்டையை எடுத்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி, பற்கள் செம்புப் பாத்திரம் கறுத்த மாதிரி மங்கியிருந்தன. மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை வாங்கித் தேய்த்தார். அவ்வளவு பெரிய உள்ளங்கையில் அந்தச் சின்ன அட்டை. பத்து நிமிடம் தேய்த்து, ஊதி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் கொடுத்தார். பல் மின்னியது.

பழையதை முதலில் வைத்தேன். இரண்டு டக். புதியதை வைத்தேன். ஒரு டக். இன்னொரு முனையில் கட்டைவிரலை வைத்துத் தயங்கினேன்.

"நான் வேணா அமுக்கட்டா?"

"வேணாம் மாமா. வெளிச்சத்த மட்டும் இங்கிட்டுக் காட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். டக் என்றது. அந்தச் சத்தம் என் கட்டைவிரல் வழியாக முழங்கை வரைக்கும் ஏறிய மாதிரி இருந்தது. கிளிப் தானாக எழுந்து அட்டையின் காதைப் பிடித்துக்கொண்டது.

பொத்தானை அமுக்கினேன். ஒரே ஒரு சின்ன "பிப்". திரை வெளிச்சமானது. வழக்கமாக அது முழுசாகத் திறப்பதற்குள் நான் ஒரு காப்பி போட்டுவிடுவேன். அன்று எழுந்து நிற்பதற்குள் திறந்துவிட்டது. அவள் சொல்லியிருந்த இடத்தில் போய்ப் பார்த்தேன். ஆறு ஜிபி என்று போட்டிருந்தது. மாமாவும் குனிந்து பார்த்தார். "ஆறா? நாலுதான வாங்குன?" "ஏற்கனவே ரெண்டு இருந்துச்சுல்ல மாமா." "அட ஆமா."

இரண்டு மணி வகுப்பில் ஆசிரியர் வாயை முழுதாகத் திறந்து மூடிப் பேசினார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் பெயர் வந்ததும் "எஸ் சார்" என்றேன். "வந்துட்டீங்களா? சரி, போன வகுப்புப் பயிற்சிய ஸ்கிரீன் ஷேர் பண்ணிக் காட்டுங்க" என்றார். காட்டினேன். ஒரு புத்தகத்துக்கு ஆசிரியர், தலைப்பு, பொருள் எண் என்று வரிசையாக நான் நிரப்பியதை முப்பத்தைந்து பேர் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. "நல்லாப் பண்றீங்களே, இத்தன நாள் எங்க இருந்தீங்க?" என்றார். இங்கேதான் இருந்தேன் சார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த புத்தகத்தைத் திறந்தேன். கதவுக்குப் பின்னால் மாமா நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கன்று நல்லபடியாக விழுந்த சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் திங்கட்கிழமை சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை.

வேலையிலிருந்து வந்து பார்த்தேன். கொடியில் துணி அப்படியே கிடந்தது. காய் கூடையிலேயே இருந்தது. முருங்கையடி காய்ந்து கிடந்தது. மாமா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காய்ச்சலோ என்று பயந்து நெற்றியைத் தொடப் போனேன்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லத்தா" என்றார். என் பக்கம் திரும்பி, "ஒன்பது ஆட்டம் தோத்துட்டேன்" என்றார்.

"ஒரே நாள்லயா?"

"மத்தியானத்துக்குள்ள. நான் கைய எடுக்குறதுக்குள்ள அது வச்சுருது. யோசிக்கவே மாட்டேங்குது. முன்னாடி எல்லாம் நான் ஒண்ணு வச்சா, அஞ்சு நிமிசம் கம்முன்னு இருக்கும். சரி, கெழவன் ஏதோ பெருசா வச்சுட்டான்னு அதுவும் யோசிக்குதுன்னு இருக்கும். இப்ப ஒரு மட்டு மரியாதையே இல்ல."

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்து திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று ரசமும் அப்பளமும்தான். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். புதன்கிழமை துணி மழையில் நனைந்துவிட்டது. எங்கள் வீட்டு வேலை முழுவதும் அந்த ஐந்து நிமிட இடைவெளிகளில் நடந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை அவர் மெதுவாகக் கேட்டார். "ஏத்தா, அந்த அட்டையக் கழட்டி வச்சுட்டு, ஞாயித்துக்கெழம மட்டும் மாட்டிக்கிட்டா என்ன?"

நான் அதை உண்மையிலேயே யோசித்தேன். பஸ்ஸில் அவளிடம் கேட்கவும் செய்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, ஸ்லோவா இருக்குன்னு வாரவங்களத்தான் நான் பாத்துருக்கேன். ஸ்பீடக் கொறைங்கன்னு கேட்ட மொத ஆளு ஒங்க மாமாதான்." அடிக்கடி கழற்றி மாட்டினால் பல் தேயும், வேண்டாம் என்றாள். ஆட்டத்தில் நிலையைக் குறைத்து வைக்கச் சொன்னாள். அதை மாமாவிடம் சொன்னேன். "வேணும்னே தோக்குற ஆளோட ஆடுறதுக்கு நான் சும்மாவே இருந்துருவேன்" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தபோது சமையலறையில் கத்திச் சத்தம் கேட்டது. மாமா தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். துணி மடித்திருந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஆட்டம் பாதியில் நின்றது.

"என்ன மாமா, யாரு வைக்கணும்?"

"நான்தான். காலைல பதினோரு மணிக்கு அது வச்சுச்சு. நான் இன்னும் வைக்கல."

"ஏன்?"

"அது யோசிக்காட்டி என்ன? நான் யோசிக்கிறேன். அதுக்கு என்ன அவசரம், அது எங்க போகப் போகுது? ஒக்காந்துருக்கட்டும்."

அப்படியே ஆனது. அதற்குப் பிறகு ஓர் ஆட்டம் மூன்று நாள், நாலு நாள் என்று போனது. அவர் தண்ணீர் விடும்போது யோசிப்பார். கொடியில் துணி போடும்போது கையில் சட்டையோடு அப்படியே நின்றுவிடுவார். திடீரென்று ஈரக்கையோடு ஓடிப்போய் யானையை நகர்த்திவிட்டு, அது பதிலுக்கு வைத்ததைப் பார்த்துக்கொண்டு திரும்புவார். முன்பெல்லாம் அதன் யோசனைக்கு இவர் காத்திருந்தார். அதனால் இவருடைய யோசனைக்கு நேரமே இருந்ததில்லை என்று சொன்னார். மூன்றாவது வாரம் ஒரு தடவை ஜெயித்தார். அன்று எனக்குக் கல்லூரிக்கே போன் வந்தது. நூலகத்தில் சத்தமாகப் பேசக் கூடாது என்பதால் வராந்தாவுக்கு ஓடிப்போய்ப் பேசினேன்.

எனக்கு அதற்குப் பிறகு ஆப்சென்ட் விழவில்லை. மே மாதம் செய்முறைத் தேர்வு எழுதினேன். இருபது புத்தகங்களைக் கொடுத்துப் பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். நேரம் முடிவதற்குக் கால் மணி முன்பே முடித்துவிட்டேன். முடிவு வந்தபோது முதல் வகுப்பு என்று போட்டிருந்தது. மகளிடம் சொன்னால், "அம்மா, ட்ரீட்டு" என்றாள். கணவர் இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னார்.

தேர்வு முடிவு வந்த வாரம் பஸ்ஸில் அவளிடம், "ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்குச் சாப்பிட வா" என்றேன். கேட்டபிறகு இருவருக்கும் ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது. "வாரேன்க்கா" என்றாள்.

ஆலங்குடிப் பக்கம் அவள் அம்மா ஊர். அங்கிருந்து வந்த பலாப்பழத்தில் பாதியைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். பஸ்ஸில் எப்போதும் சுடிதாரில் பார்த்தவளைப் புடவையில் பார்க்க வேறு யாரோ போல இருந்தது. வீட்டுக்குள் வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல், "எங்கக்கா அது?" என்றுதான் கேட்டாள். மேஜைக்குக் கீழே குனிந்து, தகட்டில் காதை வைத்து, மின்விசிறி ஓடுவதைக் கேட்டாள். "நல்லா இருக்கு" என்றாள். மாமா அவளை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார். "டாக்டரம்மா, அவசரப்படாம ஒக்காந்து சாப்புடுங்க" என்று உட்காரப் பலகையை எடுத்துப் போட்டார்.

ஆட்டுக்கறிக் குழம்பு, கத்திரிக்காய் கூட்டு, ரசம். சாப்பிட்ட பிறகு மாமா கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழத்தைப் பிரித்தார். நாங்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்து சுளைகளைத் தின்றோம், கொட்டைகளை ஒரு கிண்ணத்தில் போட்டோம். வயிறு நிறைந்த பிறகும் யாரும் நிறுத்தவில்லை. அவள் கடைக்கு வந்த ஒரு ஆள் கீபோர்டைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக் கொண்டுவந்த கதையைச் சொன்னாள். மாமா, மாட்டுக்குப் போட எடுத்த ஊசியைப் பார்த்து மாட்டுக்காரர் மயங்கி விழுந்த கதையைச் சொன்னார். மணி நாலரை ஆனது தெரியவில்லை.

பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் கூடப் போனேன். காலையில் நான் ஏறும்போது அவள் ஏற்கனவே உட்கார்ந்திருப்பாள். மாலையில் நான் இறங்கிய பிறகும் அவள் போய்க்கொண்டிருப்பாள். அவள் பஸ் ஏறி நான் பார்த்ததே இல்லை. புதுக்கோட்டை பஸ் கூட்டமாக வந்தது. ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் கம்பியைப் பற்றி, நடத்துனர் விசில் அடிப்பதற்குள் லாகவமாக ஏறிவிட்டாள். உள்ளே போய் ஜன்னலருகே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குப் பாப்போம்க்கா" என்று கத்தினாள்.